றோ படங்களின் திருத்தக் குறிப்புகள்: யாழ்ப்பாணத்துப் படப்பிடிப்பாளர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கொக்குவிலில் சிறிய ஸ்ரூடியோ ஒன்றை நடத்துகிறேன். கலியாண வீடு, சாமத்திய வீடு, கோயில் திருவிழா என்று ஓடித் திரிந்து படமெடுக்கும் இளையவர்கள் பலர் மாலையில் வந்து உட்காருவார்கள். அவர்கள் கேட்பவை பெரும்பாலும் ஒரே முடிச்சில்தான் வந்து நிற்கும். ஒரு மென்பொருளில் செய்த திருத்தம் இன்னொன்றில் ஏன் தெரியவில்லை? கணினியை மாற்றியதும் அது எங்கே போனது? வாயால் சொன்ன பதில்களை இங்கே எழுதி வைக்கிறேன்.

றோ கோப்பைத் திருத்தினால் அந்தக் கோப்பு மாறிவிடுமா?

பெரும்பாலும் மாறாது. கமராவின் உணரியில் விழுந்த ஒளியின் அளவுகள்தான் றோ கோப்பில் இருக்கின்றன. கனனில் சிஆர்2 அல்லது சிஆர்3, நிக்கோனில் என்இஎஃப், சோனியில் ஏஆர்டபிள்யூ, ஃபூஜியில் ஆர்ஏஎஃப் என்று அதற்குப் பெயர். நீங்கள் ஒளியைக் கூட்டும்போதும் ஓரத்தை வெட்டும்போதும் மென்பொருள் அந்த அளவுகளைத் தொடுவதில்லை. "வெளிச்சத்தை இவ்வளவு கூட்டு, இங்கே வெட்டு, வெள்ளைச் சமநிலையை இப்படி வை" என்று ஒரு சமையற் குறிப்பைத் தனியே எழுதிக்கொள்கிறது. படத்தைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் அந்தக் குறிப்பைப் பார்த்துப் புதிதாகச் சமைத்துத்தான் திரையில் வைக்கிறது. இந்தக் குறிப்பைத்தான் திருத்த மீதரவு என்கிறோம்.

விதிவிலக்குகள் உண்டு. கனன் நிறுவனம் தன் கமராக்களோடு தரும் டிபிபி மென்பொருள், சேமிக்கச் சொன்னால் குறிப்பை றோ கோப்புக்குள்ளேயே எழுதும். அடோபி நிறுவனத்தின் பொது றோ வடிவமான டிஎன்ஜி கோப்புகளிலும் குறிப்பு உள்ளே போகும். இரண்டிலும் உணரியின் அளவுகள் அப்படியே இருக்கும்.

அந்தக் குறிப்பு எங்கே சேமிக்கப்படுகிறது?

மென்பொருளுக்கு மென்பொருள் இடம் வேறு. இழப்புகளில் பெரும்பாலானவை இந்த ஒன்றை அறியாததால் வருபவை, ஆகவே கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

அடோபியின் படத் திருத்த மென்பொருளான லைற்றூம் கிளாசிக் எல்லாவற்றையும் முதலில் தன் கட்டலொக்கில் எழுதுகிறது. அது ஒரு தரவுத்தளக் கோப்பு. நீங்கள் வேறு இடம் காட்டாவிட்டால், விண்டோசில் பயனரின் 'படங்கள்' கோப்புறையில், அதாவது சி வட்டில் போய் இருக்கும். றோ படங்களை நாம் டி வட்டிலோ வெளி வன்தட்டிலோ வைத்திருப்போம். ஆக, படம் ஓரிடத்திலும் அதன் திருத்தம் இன்னோரிடத்திலும் வாழ்கின்றன.

எனக்கு விழுந்த அடி இங்கேதான். சுன்னாகத்தில் எடுத்த ஒரு கலியாண வீட்டுப் படங்கள், ஏறத்தாழ அறுநூறு, திருத்தி முடித்திருந்தேன். கணினி மெதுவாக இயங்குகிறது என்று ஒரு கடையில் கொடுத்தேன். சி வட்டை அழித்து விண்டோசைப் புதிதாகப் போட்டுத் தந்தார்கள். "டி வட்டைத் தொடவில்லை, படங்கள் பத்திரம்" என்றார்கள். உண்மைதான், படங்கள் பத்திரமாகவே இருந்தன. மூன்று கிழமை வேலைதான் இல்லை. அல்பத்துக்குக் காத்திருந்த பெண்ணின் தாயாருக்குத் தொலைபேசியில் அதை எப்படிச் சொன்னேன் என்பது இன்றும் நினைவில் இருக்கிறது.

அன்றைக்கு எக்ஸ்எம்பி துணைக் கோப்புகளை எழுதி வைத்திருந்தால் அந்த வேலை தப்பியிருக்கும். எக்ஸ்எம்பி என்பது 2001ஆம் ஆண்டு அடோபி கொண்டுவந்த முறை. 2012இல் சர்வதேசத் தர அமைப்பான ஐஎஸ்ஓவின் தரநிலையாகவும் ஆனது. படத்துக்குப் பக்கத்தில் அதே பெயரில் சில கிலோபைற் அளவில் ஒரு கோப்பு உட்கார்ந்திருக்கும். அது வெறும் எழுத்துக் கோப்பு. நோட்பாட்டில் திறந்தால் நீங்கள் வைத்த எக்ஸ்போஷர் (வெளிச்ச அளவு) எண்ணைக் கண்ணாலேயே வாசிக்கலாம். லைற்றூமில் படங்களைத் தெரிவுசெய்து கன்ட்ரோல் விசையோடு எஸ்ஸை அழுத்தினால் எழுதப்படும். கட்டலொக் அமைப்புகளில் மீதரவுப் பகுதிக்குப் போய், மாற்றங்களைத் தானாகவே எக்ஸ்எம்பியில் எழுதும் தெரிவை இயக்கிவிட்டால் ஒவ்வொரு முறையும் அழுத்த வேண்டியதில்லை. உங்கள் கணினியில் அது இயங்குகிறதா என்று இன்றைக்கே போய்ப் பாருங்கள்.

டார்க்டேபிள் என்ற மென்பொருளும் தரவுத்தளம் வைத்திருக்கிறது, கூடவே எக்ஸ்எம்பியும் எழுதுகிறது. ரோதெரப்பி பிபி3 என்ற துணைக் கோப்பையும், டிஎக்ஸ்ஓ ஃபோட்டோலாப் டிஓபி என்ற துணைக் கோப்பையும் எழுதும். நிக்கோனின் என்எக்ஸ் ஸ்ரூடியோ படக் கோப்புறைக்குள் தனக்கென்று ஒரு சிறு கோப்புறை உண்டாக்கும். கப்சர் வன் மென்பொருளை, ஒவ்வொரு வேலையையும் தனிக் கோப்புறையாக வைக்கும் செஷன் முறையில் பயன்படுத்தினால், ஒவ்வொரு படக் கோப்புறைக்குள்ளும் அதன் பெயரிலேயே ஓர் உட்கோப்புறை தோன்றும். திருத்தங்கள் அதற்குள் இருக்கும். இடம் காணாது என்று தேவையற்றவற்றை அழிக்க உட்காருபவர்களின் கண்ணில் முதலில் படுவதும் அதுதான். அழித்துவிடாதீர்கள்.

லைற்றூமில் திருத்திய படத்தை வேறு மென்பொருளில் திறந்தால் அதே தோற்றம் வருமா?

வராது. எக்ஸ்எம்பி ஒரு பொது உறை மாதிரி. உறையின் மேல் எழுதிய முகவரியை எல்லோரும் வாசிக்கலாம், உள்ளே இருக்கும் கடிதமோ ஒவ்வொருவரின் சொந்த மொழியில் இருக்கிறது. நட்சத்திரம் (படத்துக்கு நீங்கள் தரும் மதிப்பு), தேடற் சொல், தலைப்பு, விவரணம், பதிப்புரிமை ஆகியவற்றுக்குப் பொதுவான புலங்கள், அதாவது எழுதும் இடங்கள், உண்டு. அவை பெரும்பாலும் நல்லபடி கடந்துபோகும். திருத்தங்களோ அடோபியின் சொந்தப் புலங்களில் எழுதப்படுகின்றன. அவற்றைக் கமரா றோ, லைற்றூம் ஆகிய அடோபி மென்பொருள்களே முழுமையாகப் புரிந்துகொள்ளும்.

எண்ணை வாசித்துவிட்டாலும் பயனில்லை என்பதை விளங்கிக்கொள்ள வேண்டும். உணரியின் அளவுகளிலிருந்து நிறத்தை உண்டாக்கும் கணக்கு ஒவ்வொரு மென்பொருளிலும் வேறு. கமராவுக்கான நிற விவரம் வேறு. ஒளியையும் நிழலையும் வளைக்கும் கோடு வேறு. ஒன்றில் "கூட்டல் ஒன்று" என்றால் வரும் வெளிச்சமும் இன்னொன்றில் வரும் வெளிச்சமும் ஒன்றாக இருக்கத் தேவையில்லை. கூறைச் சேலையை வைத்துப் பாருங்கள். மணவறை விளக்கின் மஞ்சள் வெளிச்சத்தில் எடுத்த அதே கோப்பு, ஒன்றில் அடர்ந்த அரக்குச் சிவப்பாகவும் இன்னொன்றில் செம்மஞ்சள் கலந்த சிவப்பாகவும் தெரியும். நீங்கள் எந்தத் திருத்தத்தையும் தொடுவதற்கு முன்பே அந்த வேறுபாடு வந்துவிடும்.

கொஞ்சம் கடந்துபோவதும் உண்டு. டார்க்டேபிள் லைற்றூமின் எக்ஸ்எம்பியை முதன்முறை உள்வாங்கும்போது வெட்டு, எக்ஸ்போஷர் போன்ற சிலவற்றைத் தன் கருவிகளுக்கு ஏற்ப மாற்றி எடுத்துக்கொள்ளும். கப்சர் வன் லைற்றூம் கட்டலொக்கை உள்வாங்கும்போது வெட்டு, வெள்ளைச் சமநிலை போன்ற அடிப்படைகளைக் கொண்டுவர முயலும். தூரிகையால் முகத்தில் மட்டும் ஏற்றிய வெளிச்சமும் முகமூடி போட்டு, அதாவது படத்தின் ஒரு பகுதியை மட்டும் பிரித்தெடுத்துச் செய்த வேலையும் வரா. மென்பொருளை மாற்ற எண்ணுபவருக்கு நான் சொல்வது இதுதான்: பழைய படங்களைப் பழையதிலேயே முடித்து, 16 பிற் ரிஃப் கோப்பாகவோ உயர்தர ஜேபெக்காகவோ வெளியே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். புதிய மென்பொருளைப் புதிய வேலையில் தொடங்குங்கள்.

நட்சத்திரங்களையும் நிற அடையாளங்களையும் நம்பலாமா?

நட்சத்திரத்தை நம்பலாம். பூச்சியம் முதல் ஐந்து வரையான ஓர் எண்தான் அது, பெரும்பாலான மென்பொருள்களுக்குப் புரியும்.

நிறம் அப்படியில்லை. எக்ஸ்எம்பியில் எழுதப்படுவது நிறமே இல்லை, ஒரு சொல். லைற்றூம் 'சிவப்பு' என்பதற்கான ஆங்கிலச் சொல்லை எழுதும். படங்களைப் பார்த்துத் தெரிவதற்கான அடோபி பிரிட்ஜ் மென்பொருளில் அதே சிவப்புக்கு 'தெரிவு' என்ற பொருள்படும் வேறொரு சொல் வைத்திருக்கிறார்கள். சொல் பொருந்தாவிட்டால் நிறம் வெள்ளையாகிவிடும். பாரிசில் இருக்கும் ஒருவர் பிரெஞ்சு மொழியில் மென்பொருளை வைத்திருந்து, நீங்கள் ஆங்கிலத்தில் வைத்திருந்தால் குழப்பம் இன்னும் கூடும். இருவரும் ஒரே சொற்களை அமைத்துக்கொண்டால் தீர்ந்துவிடும். அதைவிட எளிது, அல்பத்துக்குப் போகும் படங்களுக்கு ஐந்து நட்சத்திரம் என்று பேசி வைத்துக்கொள்வது. லைற்றூமின் கொடி அடையாளத்தை வேறு மென்பொருளுக்கான செய்தியாகப் பயன்படுத்தாதீர்கள்.

துணைக் கோப்பு இருந்தும் மென்பொருள் அதைக் கண்டுகொள்ளவில்லை. ஏன்?

பெயரைப் பாருங்கள். லைற்றூம், படத்தின் பெயரோடு எக்ஸ்எம்பி என்ற பின்னொட்டை மட்டும் சேர்க்கும். டார்க்டேபிள், படத்தின் பெயர், அதன் பின்னொட்டு, அதற்குப் பிறகு எக்ஸ்எம்பி என்று முழுவதையும் எழுதும். 0001 என்ற சிஆர்3 படத்துக்கு முதலாவது "0001.எக்ஸ்எம்பி" என்றும், இரண்டாவது "0001.சிஆர்3.எக்ஸ்எம்பி" என்றும் பெயர் வைக்கும். இரண்டும் ஒரே கோப்புறையில் சண்டையில்லாமல் இருக்கலாம். ஆனால் ஒன்றில் பிறகு செய்த மாற்றம் மற்றதில் போய்ச் சேராது.

விண்டோசிலேயே நேரடியாகப் படத்தின் பெயரை மாற்றினாலும் துணைக் கோப்பு பழைய பெயரோடு அநாதையாக நிற்கும். பெயர் மாற்றத்தை மென்பொருளுக்குள்ளேயே செய்யுங்கள். இரண்டு கமராக்களோடு ஒரு கலியாணத்துக்குப் போகிறவர்களுக்கு இன்னொன்று. இரண்டிலும் 0001 இருக்கும். இரண்டு பேரின் படங்களையும் ஒரே கோப்புறையில் கொட்டும்போது ஒருவருடைய துணைக் கோப்பு மற்றவருடையதை மிதித்துவிடும். கார்ட்டிலிருந்து இறக்கும்போதே திகதி, கமராவுக்கு ஒரு குறி, எண் என்று பெயர் வைத்துவிடுங்கள்.

படத்தை நான் எடுக்கிறேன், ரொறன்ரோவிலுள்ள மைத்துனர் திருத்துகிறார். ஒவ்வொரு முறையும் முழுப் படங்களையும் அனுப்ப வேண்டுமா?

வேண்டாம். றோ கோப்பு மாறுவதில்லை என்பதன் பெரும் நன்மை இதுதான். ஆடி, ஆவணியில் நல்லூர்த் திருவிழாவுக்கு வந்து திரும்பும் உறவினர் எவரிடமாவது ஒரு வன்தட்டில் முழுப் படங்களையும் கொடுத்து விடுங்கள். அதற்குப் பிறகு இரு பக்கமும் போய்வர வேண்டியவை பெரும்பாலும் எக்ஸ்எம்பி கோப்புகள் மட்டும். ஆயிரம் படங்களின் எக்ஸ்எம்பியைச் சிப் கோப்பாகச் சுருக்கினால் மின்னஞ்சலிலேயே போய்விடும் அளவுக்குள் பெரும்பாலும் அடங்கும். தூரிகை வேலை நிறைய இருந்தால் கொஞ்சம் பெருக்கும்.

அவர் அனுப்பியதைப் படங்களுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, லைற்றூமில் அந்தப் படங்களைத் தெரிவுசெய்து, கோப்பிலிருந்து மீதரவை வாசிக்கச் சொல்லுங்கள். அந்த நொடியில் உங்கள் கட்டலொக்கில் அந்தப் படங்களுக்கு இருந்த திருத்தம் போய் அவருடையது வந்துவிடும். இரண்டையும் கலந்து தரும் வழி கிடையாது. ஆகவே ஒரு படம் ஒரு நேரத்தில் ஒருவர் கையில் மட்டும் இருக்கட்டும். அவர் பக்கமும் உங்கள் பக்கமும் மென்பொருளின் பதிப்பு ஒன்றாக இருப்பதும் முக்கியம். புதியதில் செய்த முகமூடி வேலையைப் பழைய பதிப்பு அறியாது.

லைற்றூமின் 'மெய்நிகர் பிரதி'கள் எக்ஸ்எம்பியில் எழுதப்படுவதில்லை. ஒரே படத்தை வண்ணத்தில் ஒன்றும் கறுப்பு வெள்ளையில் ஒன்றுமாக வைத்திருந்தால் மூலத்தின் திருத்தம் மட்டுமே மைத்துனருக்குப் போகும். தொகுப்புகளும் போகா. டார்க்டேபிள் இந்த இடத்தில் மேல். ஒவ்வொரு பிரதிக்கும் எண்ணிட்டுத் தனித் துணைக் கோப்பு எழுதும்.

மைத்துனர் கொண்டுவந்த கமராவின் நேரம் கனடா நேரத்தில் இருந்தது. இரண்டு கமராவின் படங்களும் வரிசை குழம்பிவிட்டன. எப்படிச் சரிசெய்வது?

கோடையில் ரொறன்ரோ நேரத்துக்கும் எங்கள் நேரத்துக்கும் ஒன்பதரை மணி வித்தியாசம். மாரியில் பத்தரை. லண்டனுக்குக் கோடையில் நாலரை, மாரியில் ஐந்தரை. அந்தக் கமராவின் படங்களை மட்டும் பிரித்தெடுத்து, எடுத்த நேரத்தைத் திருத்தும் கட்டளையில் அந்த அளவை மொத்தமாகக் கூட்டுங்கள். மணிக்கணக்கைத் தாண்டி நிமிடத்திலும் பிழை இருக்கும். தாலி கட்டும் கணத்தை இரு கமராவும் எடுத்திருக்கும், அந்த இரண்டு படங்களையும் ஒப்பிட்டால் நிமிட வித்தியாசம் கிடைத்துவிடும்.

லைற்றூம் இந்தப் புதிய நேரத்தைக் கட்டலொக்கிலும் எக்ஸ்எம்பியிலும் எழுதும். றோ கோப்புக்குள் எழுத வேண்டுமானால் அதற்கான தெரிவைத் தனியே இயக்க வேண்டும். நான் இயக்குவதில்லை. மூலக் கோப்பைத் தொடாமல் வைத்திருப்பதே எனக்கு நிம்மதி.

எல்லாவற்றையும் டிஎன்ஜியாக மாற்றிவிட்டால் பிரச்சினை தீருமா?

பாதி தீரும். டிஎன்ஜியின் அமைப்பை அடோபி 2004இல் வெளிப்படையாக வெளியிட்டது. மீதரவு உள்ளேயே இருப்பதால் துணைக் கோப்பு தொலையும் பயமில்லை. ஆனால் உள்ளே இருக்கும் திருத்தம் அதே அடோபி மொழியில்தான் இருக்கிறது, வேறு மென்பொருளுக்கு விளங்காது என்ற சிக்கல் அப்படியே நிற்கும். ஒரு நட்சத்திரத்தை மாற்றி எழுதினாலும் கோப்பு முழுவதும் மாறியதாகக் காப்புப்பிரதி மென்பொருள் எண்ணி, 25 மெகாபைற்றையும் மறுபடி நகலெடுக்கும். துணைக் கோப்பு முறையில் சில கிலோபைற்றோடு முடிந்துவிடும். மாற்றிய டிஎன்ஜியைக் கனனின் சொந்த மென்பொருள் திறக்காது. கமராவே டிஎன்ஜியில் எடுத்தால் மகிழ்ச்சியாக வைத்திருங்கள். மற்றவர்கள் மாற்ற வேண்டாம் என்பதே என் எண்ணம்.

லைற்றூம் சந்தாவை நிறுத்தினால் திருத்தங்கள் அழிந்துவிடுமா?

அழியா. லைற்றூம் கிளாசிக் தொடர்ந்து திறக்கும், படங்களைப் பார்க்கவும் ஏற்றுமதி செய்யவும் விடும். திருத்தும் பகுதியும் வரைபடப் பகுதியும் பூட்டப்படும். நிறுத்துவதற்கு முன்பே எக்ஸ்எம்பியை எழுதி, முக்கியமானவற்றை ஏற்றுமதி செய்துவிடுங்கள்.

காப்புப்பிரதியில் என்னென்ன இருக்க வேண்டும்?

றோ, துணைக் கோப்புகள், கட்டலொக், முடித்த ஜேபெக். லைற்றூமை மூடும்போது அது கேட்டு எடுக்கும் காப்புப்பிரதியில் கட்டலொக் மட்டுமே இருக்கிறது, ஒரு படம்கூட இல்லை. இதை அறியாமல் நிம்மதியாக இருப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்தக் காப்புப்பிரதியை வேறு வன்தட்டுக்குப் போகும்படி இடம் மாற்றி வையுங்கள். மின்சாரம் திடீரென்று நின்றால், எழுதிக்கொண்டிருந்த தரவுத்தளம் பழுதாகலாம். மேசைக் கணினி வைத்திருப்பவர்களுக்கு யூபிஎஸ் கட்டாயம்.

வாடிக்கையாளருக்குக் கொடுக்கும் ஜேபெக்கில் இந்த விவரங்கள் போகுமா?

எல்லா மீதரவையும் சேர்க்கச் சொன்னால் திருத்த எண்கள் வரை போகும். ஜிபிஎஸ் இருந்தால் வீட்டின் இருப்பிடமும் போகும். சாமத்திய வீட்டுப் பிள்ளையின் படத்தில் வீட்டின் இருப்பிடம் எதற்கு? இடத் தகவலை நீக்கும் தெரிவை ஏற்றுமதியில் எப்போதும் இயக்கி வையுங்கள்.

பெயர்களையும் விவரத்தையும் தமிழில் எழுதலாமா?

எழுதுங்கள். எக்ஸ்எம்பி யுனிகோட்டில் இயங்குவதால் தமிழ் அப்படியே நிற்கும். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்து ஒட்டாதீர்கள். அது திரையில் தமிழாகத் தெரிந்தாலும் கோப்புக்குள் ஆங்கில எழுத்துகளின் குவியலாகவே கிடக்கும், யாராலும் தேட முடியாது.

இன்னொரு பொறி, படத்தில் விவரம் எழுதும் பழைய முறையான ஐபிடிசியின் புலங்களில் இருக்கிறது. அதில் ஒரு தேடற் சொல்லுக்கு 64 பைற் மட்டுமே இடம். யுனிகோட்டைச் சேமிக்கும் யுடிஎஃப்-8 முறையில் தமிழின் ஒவ்வொரு குறியீடும் மூன்று பைற் பிடிக்கும். மெய்யின் புள்ளியும் உயிர்மெய்யின் கொம்பும் காலும்கூடத் தனித்தனிக் குறியீடுகள். 'யாழ்ப்பாணம்' 33 பைற்றில் அடங்கிவிடும். 'நல்லூர்க் கந்தசுவாமி கோயில்' 77 பைற் வேண்டும், ஆகவே பழைய முறையை மட்டும் வாசிக்கும் மென்பொருளில் வெட்டுப்பட்டுப் போகலாம். தேடற் சொற்களைச் சுருக்கமாக வைத்துக்கொண்டு, நீளமானதை விவரணத்தில் எழுதுங்கள்.

பெயர்களையும் விவரத்தையும் எழுதி வைப்பதில் நான் பிடிவாதமாக இருப்பதற்குக் காரணம் உண்டு. 1995 ஒக்ரோபர் 30 அன்று போரால் வலிகாமத்தை விட்டுப் புறப்பட்டவர்கள் கையில் எடுத்தது கொஞ்சம். எங்கள் வீட்டிலிருந்து போன ஒரேயொரு அல்பம் அம்மாவின் துணிப் பையில் போனது. அதிலுள்ள படங்களின் பின்புறத்தில் அப்பப்பா பென்சிலால் பெயர்கள் எழுதியிருந்தார். அவர் எழுதாமல் விட்ட நான்கு படங்கள் இருக்கின்றன. அவற்றில் உள்ளவர்கள் யார் என்று சொல்ல இன்றைக்கு எங்கள் குடும்பத்தில் ஒருவரும் இல்லை.

எக்ஸ்போஷர் எண்ணை இழந்தால் இன்னொரு முறை உட்கார்ந்து திருத்தலாம், பெயரை இழந்தால் மீட்க வழியில்லை. ஆகவே அல்பம் கொடுக்கப் போகும் நாளில் வீட்டில் மூத்தவர் ஒருவரோடு அரை மணிநேரம் இருந்து, குழுப் படங்களில் நிற்பவர்களை இடமிருந்து வலமாகக் கேட்டு, பெயர், உறவுமுறை, ஊர் மூன்றையும் விவரணப் புலத்தில் எழுதிச் சேமியுங்கள். ஏற்றுமதி செய்யும் ஜேபெக்கிலும் அந்த விவரணம் போகிறதா என்று ஒரு படத்தைத் திறந்து பார்த்துவிட்டுக் கொடுங்கள்.